ஃப்ளை கட்ட மாற்று இறகு: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஃப்ளை கட்டுவோம். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ செய்வதுதான் ஃப்ளை. புதிதாக வருகிறவர்கள் பழைய ஆங்கிலேய, அமெரிக்க முறைகளைப் பார்த்துக் கட்ட ஆசைப்படுவார்கள். பட்டியலில் உள்ள இறகுகளைப் படித்ததும் மனம் தளர்ந்துவிடும். அதற்கப்புறம் வரும் கேள்விகள் வாரா வாரம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

மாற்று இறகு போட்டால் அது போலி ஃப்ளைதானே, அண்ணா?

இல்லை. இன்று கடையில் "மரபூ" என்று விற்பது வான்கோழியின் அடியிறகு. முதலில் அந்தப் பெயர் மரபூ நாரை என்ற பறவையின் இறகுக்கு இருந்தது. நாரை போய் வான்கோழி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்று யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. பிரிட்டன் 1921-ல் அலங்கார இறகு இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதற்கும் முன்பே, 1902-ல், இந்தியாவிலிருந்து பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதியாவதைப் பிரிட்டிஷ் அரசு தடுத்தது. மாற்றுத் தேடுவது இந்தக் கைத்தொழிலில் நூறு வருஷத்துப் பழக்கம்.

ஒரு இறகைப் பார்த்ததும் பறவையின் பெயரை விட்டுவிட்டு, அது அந்த ஃப்ளையில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். மிதக்க வைக்கிறதா? தண்ணீரில் அசைகிறதா? மினுக்குகிறதா? இல்லை, வெறும் நிறத்துக்கு இருக்கிறதா? வேலை தெரிந்துவிட்டால் மாற்று பெரும்பாலும் கோழிக்கடையிலேயே கிடைத்துவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

பட்டியலில் "இண்டியன் க்ரோ" என்று இருக்கிறதே, நம்ம ஊர் காக்காதானே?

இதைக் கேட்காமல் யாரும் போனதில்லை. அந்தப் பறவை காகமும் இல்லை, இந்தியாவைச் சேர்ந்ததும் இல்லை. தென் அமெரிக்கக் காட்டில் பழம் தின்று வாழும் பறவை. கறுப்பு உடம்பு, தொண்டையில் நெருப்பு போல ஆரஞ்சும் சிவப்பும் கலந்த இறகு. சால்மன் மீனுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய அலங்கார ஃப்ளைகளில் அந்தத் தொண்டை இறகைத்தான் வைத்தார்கள்.

அதன் மேல் வந்த ஆசை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2009 ஜூனில் இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்து 299 பறவைத் தோல்களை ஒருவர் திருடினார். ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு விற்பதுதான் நோக்கம். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த பறவைகளும் அதில் இருந்தன. பல தோல்களில் இடமும் தேதியும் எழுதிய சீட்டுகளைக் கிழித்துவிட்டதால், இறகு திரும்பி வந்தும் ஆராய்ச்சிக்குப் பயனில்லாமல் போயிற்று. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அசல் இறகின் மேல் இருந்த மயக்கம் போய்விட்டது. மாற்று ரொம்ப எளிது: வெள்ளைக் கோழியின் சின்ன மார்பிறகை ஆரஞ்சில் முக்கி, நுனியை மட்டும் சிவப்பில் தொட்டெடுங்கள்.

சரி, பெங்களூரில் இறகு எங்கே கிடைக்கும்?

சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஆரம்பியுங்கள். கோழி, வாத்து, காடை எல்லாம் அந்த வட்டாரத்தில் கிடைக்கும். கடைக்காரர்களில் பாதிப் பேர் தமிழிலேயே பேசுவார்கள். நான் முதல்முறை போய் "இறகு மட்டும் வேணும்" என்றபோது, ஒரு கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தலகாணிக்கா, அண்ணா?" என்றார். கொண்டுபோயிருந்த ஃப்ளையைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். இப்போது நல்ல சேவல் வந்தால் கழுத்துத் தோலைத் தனியாக உரித்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வைக்கிறார். காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள். நேரமாகிவிட்டால் எல்லாம் வெந்நீரில் முக்கிய குவியலாகத்தான் கிடைக்கும்.

பிராய்லர் கடை இறகைப் பலர் வேண்டாம் என்று தள்ளுகிறார்கள். ஆறு வாரக் கோழி, இறகு முற்றியிருக்காது, கழுத்திறகில் விறைப்பும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் தூய வெள்ளை. சாயம் போட வெள்ளைக் காகிதம் போல இதைவிட நல்லது இல்லை. விறைப்பு வேண்டுமென்றால் நாட்டுக்கோழிக் கடைக்குப் போய், ஒரு வயது தாண்டிய சேவலாகப் பாருங்கள். ஹெப்பாளில் உருவாக்கிய கிரிராஜா இனம் கலவை நிறம். ஒரே கோழியில் செம்பழுப்பு, சாம்பல், புள்ளி எல்லாம் பார்த்திருக்கிறேன். வான்கோழியும் கினிக்கோழியும் வளர்க்கிறவர்கள் ஓசூர்ப் பக்கம் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் உதிர்ந்த இறகைப் பையில் போட்டு வைப்பார்கள்.

கடையில் இருந்து கொண்டு வந்த இறகு நாறுது சார், எப்படிச் சுத்தம் பண்றது?

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, இறகை நுனிப் பக்கமாகவே நீவிக் கழுவுங்கள். எதிர்ப்பக்கம் தேய்த்தால் இழைகள் பிரிந்துவிடும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிவிட்டுச் செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே காய வையுங்கள். தோலோடு வந்த கழுத்து என்றால், உள்பக்கக் கொழுப்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, வெங்காரமும் உப்பும் தடவி, அட்டையில் குண்டூசியால் விரித்துக் குத்தி ஒரு வாரம் விடுங்கள்.

காய்ந்ததும் மூடும் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மூன்று நாள். வெளியே எடுத்து ஒரு நாள் விட்டு மறுபடி ஃப்ரீசர். பேனும் அந்துப்பூச்சி முட்டையும் அதில் சாகும். புது இறகைப் பழைய பெட்டியில் நேராகப் போட்டதால் இரண்டு வருஷச் சேகரிப்பை நான் அந்துப்பூச்சிக்குக் கொடுத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தபோது நடுத்தண்டுகள் மட்டும்தான் மிச்சம். பறவைக் காய்ச்சல் செய்தி வரும் நாட்களில் கோழிக்கடைப் பக்கமே போக வேண்டாம். தானாகச் செத்துக் கிடந்த பறவையை எந்த நாளிலும் தொடக் கூடாது.

மயிலிறகு கோயில் வாசல்லயே விக்கிறாங்க, வாங்கலாமா?

உள்நாட்டில், தானாக உதிர்ந்த தோகை இறகை வாங்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் மயிலின் வால் இறகுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. மயிலின் கழுத்து நீல இறகு, சிறகு, மார்பிறகு எதற்கும் அந்த விலக்கு இல்லை. அடித்தண்டின் முனையைப் பாருங்கள். உதிர்ந்தது சுத்தமாக, காய்ந்து, மூடியிருக்கும். பிடுங்கியது என்றால் முனையில் ரத்தக் கறையோ சதைத் துணுக்கோ இருக்கலாம். அதை வாங்காதீர்கள்.

நமக்கு வேண்டியது தோகையின் ஓரத்தில் நீண்டு கிடக்கும் பச்சை இழை. ராயல் கோச்மேன் போன்ற ஃப்ளைகளின் உடம்பு அந்த இழையைச் சுற்றியதுதான். ஒரு முழுத் தோகையில் ஐம்பது ஃப்ளைக்கு மேல் கட்டலாம், அதனால் கட்டுக்கட்டாக வாங்க வேண்டியதில்லை. தோகையின் கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள இழையை விரல் நகத்தால் சுரண்டினால் மேல்பூச்சு போய், வரிவரியாக ஒரு மெல்லிய தண்டு கிடைக்கும். குவில் கார்டன் ஃப்ளையின் உடம்பு அதுதான்.

அல்சூர் ஏரிக்கரையில் நாரை இறகு சும்மா கிடக்குது. எடுத்தா என்ன தப்பு? நான் பறவையைக் கொல்லலையே?

மனசுக்கு நியாயமாகப் படும். ஆனால் சட்டம் இறகையும் காட்டு உயிரின் பாகமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. உங்கள் கையில் இருப்பது விழுந்ததா, சுட்டதா என்று இறகைப் பார்த்துச் சொல்ல முடியாது. விலக்கு இருந்தால் எல்லோரும் "விழுந்து கிடந்தது" என்றுதான் சொல்வார்கள். கரையிலேயே விட்டுவிடுங்கள்.

சால்மனுக்குக் கட்டும் பழைய ஸ்பே வகை ஃப்ளைகளில் நாரையின் நீண்ட இழை தண்ணீரில் மெல்ல அலையும். அந்த வேலையைக் கூஸ் வாத்தின் சிறகு இறகு செய்யும். துணிக்குப் போடும் ப்ளீச்சிங் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, இறகை அதில் முக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால், இழைகளை ஒட்ட வைக்கும் நுண்கொக்கிகள் கரைந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்கும். உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் அலசுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் வினிகர் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

ஜங்கிள் காக் இல்லாமல் ஸ்ட்ரீமர் கட்டவே முடியாதுங்கறாங்களே?

சின்ன மீன் போலக் கட்டும் ஃப்ளைதான் ஸ்ட்ரீமர். ஜங்கிள் காக் என்பது நம் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவில் மட்டும் வாழ்வது. நீலகிரியிலும் ஏற்காட்டிலும் விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்டிருப்பீர்கள். சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு போன்ற மஞ்சள் தகடு, அதற்குக் கீழே வெள்ளைப் பொட்டு. ஃப்ளையின் தலைப் பக்கம் வைத்தால் மீன் குஞ்சின் கண் போலத் தெரியும். இந்த அழகுக்காகவே உலகம் முழுக்க அதைத் தேடினார்கள். மலையடிவாரத்தில் "ஒரு கழுத்து இருக்கு, வேணுமா?" என்று யாராவது காதோரம் கேட்டால் விலகி நடந்துவிடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட பறவை. வாங்க ஆள் இருக்கும் வரை கண்ணி வைக்கவும் ஆள் இருப்பார்கள்.

மாற்று இப்படி. கருங்கோழியின் கழுத்திலிருந்து சுண்டுவிரல் நகம் அகலத்தில் இறகு ஒன்று எடுங்கள். நிறமில்லாத நகப்பூச்சை விரலில் தொட்டு, இறகை அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக நீவுங்கள். இழைகள் ஒட்டிக்கொண்டு மெல்லிய தகடு போல நிற்கும். பத்து நிமிஷம் காயட்டும். பல் குத்தும் குச்சி முனையில் வெள்ளை எனாமல் எடுத்து, நுனியில் நீளமாக ஒரு சொட்டும், சற்றுக் கீழே உருண்டையாக ஒரு சொட்டும் வையுங்கள். காய்ந்ததும் நுனிச் சொட்டின் மேல் மட்டும் மஞ்சளில் துளி ஆரஞ்சு கலந்து பூசுங்கள். முதல் பத்து கோணலாகத்தான் வரும். அப்புறம் ஒரே உட்காரலில் முப்பது ஜோடி செய்யலாம். தண்ணீரில் அசல் இறகு நடுவில் பிளந்துவிடும், இது பிளக்காது. அதனால் மீன் பிடிக்க இதுவே மேல் என்பது என் அனுபவம்.

அவசரத்துக்குக் கினிக்கோழி இறகு போதும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி இயல்பாகவே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் வரும்படி கத்தரித்து வையுங்கள்.

நம்ம சேவல் கழுத்து ட்ரை ஃப்ளைக்கு ஆகுமா? மிதக்குமா?

தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளைதான் ட்ரை ஃப்ளை. இந்த ஒரு இடத்தில் மாற்று உண்மையிலேயே கொஞ்சம் பின்தங்குகிறது. மேல்நாட்டில் ஹேக்கிளுக்காகவே, அதாவது முள்ளைச் சுற்றிக் கட்டும் இறகுக்காகவே, தலைமுறை தலைமுறையாக வளர்த்த சேவல்களின் இறகு ஒரு சாண் தாண்டி நீளமாக, ஒரே அகலமாக இருக்கும். ஒரே இறகில் பல ஃப்ளை கட்டலாம். நம் சேவல் இறகு குட்டை, அடிப்பக்கம் அகலம், நடுவில் பஞ்சு போன்ற மென்பகுதி அதிகம்.

ஆனாலும் ஆகும். முள்ளின் நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். 10, 12 நம்பர் முள்ளுக்கு வயசான நாட்டுச் சேவல் நன்றாகவே மிதக்கும். இழையை வளைத்து உதட்டில் தொட்டுப் பாருங்கள், குத்தினால் நல்லது. அடிப்பக்கத்து மென்பகுதியை உருவிவிட்டு, ஒரு ஃப்ளைக்கு இரண்டு மூன்று இறகாகச் சேர்த்துச் சுற்றுங்கள். இழை நீளம் முள்ளின் வாயகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. செவலை நிறம் ராயல் கோச்மேனுக்கு. கறுப்பு வெள்ளை வரியுள்ள சேவல் கிடைத்தால் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 1922-ல் மிச்சிகனில் பிறந்த ஆடம்ஸ் ஃப்ளைக்கு அந்த வரிதான் உயிர். 16 நம்பரைவிடச் சின்ன முள் என்றால் நான் சேவலோடு போராடுவதில்லை. அதற்கு அடுத்த பதில்.

சிடிசி என்கிறார்களே, அது என்ன? விலை ஜாஸ்தியா இருக்கு.

வாத்தின் வாலுக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதைச் சுற்றி முளைக்கும் பஞ்சு இறகுதான் சிடிசி. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில் 1920-களில் ஃப்ளைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நுண்ணிய இழைகளில் காற்று சிக்கிக்கொள்வதால் சின்ன ஃப்ளையும் அழகாக மிதக்கும்.

இதற்கு மாற்றே வேண்டாம், அசலே இங்கே கிடைக்கிறது. வாத்துக் கடையில் வாலைத் தனியாகக் கேளுங்கள். ஒரு வாத்தில் பயன்படுகிற மாதிரி சில டஜன் இறகு வரும். கொதிநீரில் முக்குவதற்கு முன் பிடுங்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. லேசாக அலசினால் போதும், சோப்புப் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்.

வுட் டக் விலாப்பக்க இறகு வேணும்னு போட்டிருக்கு. வாத்து வாத்துதானே?

வுட் டக் வட அமெரிக்கப் பறவை. அதன் விலாவில் எலுமிச்சை மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் மெல்லிய கறுப்பு வரி ஓடும். லைட் கேஹில் போன்ற ஃப்ளைகளின் சிறகு அது. வரியுள்ள சாம்பல் இறகுக்குச் சாயம் போட்டு மாற்றுவது அமெரிக்காவிலேயே பழைய வழக்கம். பச்சைத் தலை ஆண் வளர்ப்பு வாத்தின் விலாவில் அந்தச் சாம்பல் வரி இருக்கும். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் காட்டு வாத்துக்கு முந்தைய பதில்தான்: தொடக் கூடாது.

சாயம் வீட்டிலேயே இருக்கிறது. மூன்று ஸ்பூன் டீத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, சூடு ஆறும்போது இறகைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மங்கிய பழுப்பு ஏறும். அப்புறம் வினிகர் கலந்த வெந்நீரில் சிட்டிகை மஞ்சள் கேசரி பவுடர் போட்டு ஒரு நிமிஷம் முக்குங்கள். மஞ்சள்தூள் வேண்டாம். அன்றைக்கு அழகாகப் பிடிக்கும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். வெங்காயச் சருகைப் படிகாரத்தோடு கொதிக்க வைத்த சாயமும் நல்ல பொன்பழுப்பு கொடுக்கும்.

கேசரி பவுடர் இறகில் பிடிக்குமா? துணிச் சாயம் போட்டேன், எல்லாம் கழுவினதும் போயிடுச்சு.

நீங்கள் போட்டது பருத்திச் சாயமாக இருக்கும். இறகு, பட்டு, கம்பளி மூன்றும் புரதம், பருத்தி அப்படி இல்லை. புரதத்துக்கு ஆசிட் டை என்ற சாயம்தான் பிடிக்கும். கேசரி பவுடரில் உள்ள நிறமிகளும் அந்த வகைதான், அதனால்தான் வினிகரோடு சேர்ந்து இறகில் ஏறுகிறது. பட்டு நெசவு ஊரில் இருக்கிறோம், சிக்பேட்டைப் பக்கம் பட்டு நூலுக்கான சாயம் சின்னப் பொட்டலமாகவே கேட்டு வாங்கலாம்.

இறகில் எண்ணெய் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக விழும். பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி ஊற வைத்து அலசி, ஈரமாகவே சாயத்தில் போடுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர். சூடு 70 டிகிரி அளவில் இருக்கட்டும், கை பொறுக்காத சூடு, ஆனால் குமிழி வரக் கூடாது. கொதிக்க விட்டால் நடுத்தண்டு முறுக்கிக்கொள்ளும், அதை நிமிர்த்தவே முடியாது. ஈரத்தில் நிறம் கூடுதலாகத் தெரியும், எனவே வேண்டியதைவிட ஒரு படி அடர்த்தியாக ஆனதும் எடுங்கள். அந்தப் பாத்திரம் இனிச் சமையலுக்கு வேண்டாம்.

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சுக்குக் கௌதாரி இறகு கிடைச்சா போடலாமா? ஊர்ல தாத்தா பிடிப்பாரு.

தாத்தா காலம் வேறு. கௌதாரி பாதுகாக்கப்பட்ட பறவை, பிடிப்பது குற்றம். அந்த ஃப்ளைக்கு வேண்டியது தண்ணீரில் மூச்சு விடுவது போல அசையும் ஒரு புள்ளி இறகு, அவ்வளவுதான். நாட்டுப் பெட்டைக்கோழியின் முதுகில் பழுப்பில் பொடிப் புள்ளி போட்ட இறகு இருக்கும், 12-க்கும் 14-க்கும் அது போதும். அதைவிடச் சின்ன முள்ளுக்குப் பண்ணைக் காடை. காடை இறகு குட்டையாகவும் மென்மையாகவும் இருப்பதால் இரண்டு சுற்றுக்கு மேல் வராது, இந்த ஃப்ளைக்கு இரண்டு சுற்றே போதும்.

கோல்டன் ஃபெசன்ட் டிப்பெட்டுக்கு என்ன செய்யலாம்?

அது சீனப் பறவை. அலங்காரப் பறவை வளர்க்கிறவர்களிடம் இங்கேயும் இருக்கிறது, உதிர்ந்த இறகைக் கேட்டு வாங்கலாம். டிப்பெட் என்பது கழுத்தைச் சுற்றிய ஆரஞ்சு இறகு, நுனியில் இரண்டு கறுப்புக் கோடு. ராயல் கோச்மேன் வாலுக்குப் பத்துப் பன்னிரண்டு இழைதான் வேண்டும். வெள்ளைக் கோழி இறகை ஆரஞ்சாக்கி, அழியாத மார்க்கரால் இரண்டு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. முழு இறகும் தெரியும் சால்மன் ஃப்ளைக்கு மட்டும் அசலைத் தேடுங்கள். தலையிலிருந்து வரும் பொன்னிறக் கொண்டையிறகின் மினுக்கத்துக்கு எனக்குத் திருப்தியான மாற்று இன்னும் கைவரவில்லை.

ப்ளூ ஜே தொண்டைன்னு இருக்கு. பனங்காடைதானே பழைய காலத்துல ப்ளூ ஜே?

தொண்டை என்பது இங்கே ஃப்ளையின் தலைக்குக் கீழே வைக்கும் இறகு. ஆங்கிலேயர்கள் இங்கே பனங்காடையை அப்படி அழைத்தது உண்மை. ஆனால் ஃப்ளைப் பட்டியலில் சொல்வது ஐரோப்பாவின் ஜே என்ற பறவையின் நீலமும் கறுப்பும் வரிவரியான சிறகு இறகு. இரண்டும் வேறு. பனங்காடை கர்நாடகத்தின் மாநிலப் பறவை, பாதுகாக்கப்பட்டது.

கினிக்கோழி இறகை நீலத்தில் முக்கினால் வெள்ளைப் புள்ளிகள் நீலமாகும், கறுப்பு அப்படியே இருக்கும். ஜேக்கு இது பழைய, எல்லோரும் ஒப்புக்கொண்ட மாற்று. சாட்டரர் என்ற தென் அமெரிக்க நீலப் பறவைக்கு ஒரு காலத்தில் மீன்கொத்தி இறகைப் போட்டார்கள். இங்கே அதுவும் கூடாது. பிராய்லரின் வெள்ளை மார்பிறகைப் பச்சை கலந்த நீலத்தில் முக்குங்கள்.

முழு ஜாக் ஸ்காட்டையும் மாற்று இறகிலேயே கட்ட முடியுமா?

ஜாக் ஸ்காட் என்பது சால்மனுக்கான பழைய அலங்கார ஃப்ளை. முடியும், கட்டியிருக்கிறேன். இரண்டு ஞாயிறு பிடித்தது. அசல் பட்டியலில் டூக்கன், இண்டியன் க்ரோ, மக்கா கிளி, ஜங்கிள் காக், சாட்டரர் எல்லாம் உண்டு. சிறகில் பஸ்டர்டும் ஃப்ளோரிகனும் வரும். இந்தக் கடைசி இரண்டையும் நம் பக்கத்துப் பெயரில் சொன்னால் கானமயில் இனமும் வரகுக்கோழி இனமும். கானமயில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பறக்கிற பறவைக்குள் இவ்வளவு கனமானது நம் நாட்டில் வேறு அரிது. ஒரு காலத்தில் அதன் இறகைக் கத்தரித்துத் தூண்டில் முள்ளில் கட்டினார்கள் என்று நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

புள்ளி போட்ட வான்கோழி வால் இறகு இரண்டுக்கும் ஈடு கொடுக்கும். சிவப்பு, மஞ்சள், நீலப் பட்டைகளுக்குச் சாயம் போட்ட கூஸ் இறகு. இந்த இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் நீவினால் நுண்கொக்கிகள் மாட்டிக்கொண்டு ஒரே இறகு போல ஆகும். ஆனால் இடது சிறகு இழை இடது இழையோடுதான் ஒட்டும். பல பேர் இங்கேதான் மாதக் கணக்கில் திணறுகிறார்கள். வாங்கும்போதே இடது, வலது என்று தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். டூக்கனுக்கு மஞ்சள் முக்கிய கோழி மார்பிறகு, மற்றவை மேலே சொன்னபடி.

மீனுக்கு வித்தியாசம் தெரியாதா?

நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்த ட்ரவுட் வம்சத்துக்கு டூக்கனைத் தெரியாது, வுட் டக்கையும் தெரியாது. அளவு, உருவம், தண்ணீரில் அது உட்காரும் விதம், அசைவு, இவற்றுக்கு அப்புறம்தான் நிறம். அனுமதி உள்ள நீரில், மாற்று இறகில் கட்டியதை வைத்தே கெண்டையும் ட்ரவுட்டும் பிடித்திருக்கிறேன். மீன் எடுக்காத நாளில் குறை பெரும்பாலும் என் வீச்சில் இருந்தது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் அக்காவுக்கு நான் கட்டின ஃப்ளை பத்து அனுப்பலாமா?

மயில் இழை இருந்தால் அனுப்பாதீர்கள். உள்நாட்டில் வாங்க விலக்கு உண்டு என்று மேலே சொன்னேன். ஏற்றுமதிக்கு அது பொருந்தாது, மயிலிறகால் செய்த பொருளும் தடைக்குள் வரும். அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டினாலும் அப்படித்தான். உடம்பைச் சாயம் போட்ட கம்பளி நூலில் சுற்றலாம், இல்லாவிட்டால் அக்காவையே அங்கே கடையில் மயில் இழை வாங்கச் சொல்லிவிட்டு அவர் ஊருக்கு வரும்போது சேர்ந்து உட்கார்ந்து கட்டுங்கள். கோழி, வாத்து இறகுக்கும் அந்த நாட்டு நோய்த்தடுப்பு விதி இருக்கும், அனுப்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

தாத்தா பெட்டியில் பழைய காட்டுக்கோழிக் கழுத்து ஒண்ணு இருக்கு. அதையாவது பயன்படுத்தலாமா?

கூனூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பங்களில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இந்தக் கேள்வி கேட்கிறவர்களின் முகத்தில் ஆசையும் பயமும் சேர்ந்தே தெரியும். பழையது என்பதால் மட்டும் அது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. பாதுகாக்கப்பட்ட உயிரின் பாகத்தை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும். விற்கக் கூடாது, நண்பருக்குக் கொடுக்கவும் கூடாது, பிய்த்து ஃப்ளையிலும் கட்ட வேண்டாம்.

பெட்டியில் கடிதமோ ரசீதோ, தாத்தா எழுதிய சீட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மல்லேஸ்வரம் ஆரண்ய பவனில் வனத்துறைத் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே நேரில் போய் இருப்பதை இருப்பதாகச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தேவைப்பட்டால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். பெட்டியில் உள்ள முள்ளைப் பிடித்து வைக்கும் தாத்தாவின் வைஸையும் நூல்கண்டுகளையும் ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டு வாருங்கள். அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.